ஒரே சஹனில் இரண்டு கை

“தம்பி, உங்கட பெட்டி மௌத்தாப் போச்சு.”

ராத்தா போனில் இப்படிச் சொன்னபோது நான் தன்னாமுனையில் வீட்டு வாசலில் நின்று மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனது ஒரு பழைய கொம்பியூட்டர்தான். என்றாலும் கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். நானும் என் கூட்டாளியும் இளவயதில் சேர்ந்து பொருத்திய பெட்டி அது. அதற்குள் ஓடிக்கொண்டிருந்த புரோகிராமில் பாதி என்னுடையது, பாதி அவனுடையது.

ராத்தா அவனுடைய மூத்த சகோதரி. ஏறாவூர் முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படி அழைப்பார்கள். அவன் அழைப்பதைக் கேட்டு நானும் அழைக்கத் தொடங்கி, இப்போது அவருக்கு நானும் ஒரு தம்பி. திட்டும்போது இரண்டு தம்பிமாருக்கும் வித்தியாசம் காட்டமாட்டார்.

அவருடைய பின்விறாந்தையில் ஆளுயர மர அலுமாரி ஒன்று நிற்கிறது. அதுதான் குஞ்சு பொரிக்கும் மெசின். உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள். அவற்றில் ராத்தாவின் சொந்த முட்டைகள் கொஞ்சம்தான். மற்றவை அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கோழி இட்டதைக் கொண்டுவந்து கொடுப்பவை. ஒவ்வொருத்தியும் பென்சிலால் ஒரு அடையாளம் போட்டிருப்பாள்: ஒன்றில் பிறை, ஒன்றில் பூ, ஒன்றில் வெறும் புள்ளி. பொரிக்கும் நாள் நெருங்கும்போது ராத்தா அடையாளம் பார்த்துத் தனித்தனிக் கூடைக்கு மாற்றுவார். கணவர் மௌத்தான பிறகு அவர் யார் தயவும் இல்லாமல் நடமாடியது இந்த அலுமாரியை வைத்துத்தான். முட்டை குளிர்ந்து வீணாய்ப் போனால் அத்தனை வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். பிறகு ஒருத்தியும் அவரை நம்பி ஒரு முட்டை கொடுக்கமாட்டாள்.

அடைகாக்கும் கோழிக்கு இரண்டு வேலை. சூடு கொடுக்க வேண்டும், அவ்வப்போது அலகால் முட்டையைப் புரட்டிவிட வேண்டும். புரட்டாவிட்டால் உள்ளே இருக்கும் உயிர் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு வேலையையும்தான் எங்கள் பெட்டி செய்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் மட்டக்களப்பு டவுனில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எங்கள் கடை இருந்தது. கொம்பியூட்டர் திருத்துவோம், புரோகிராம் எழுதிக் கொடுப்போம் என்று போர்டு போட்டிருந்தோம். ஊர் நம்பியது முதலாவதை மட்டும். உள்ளே உருப்படியான கொம்பியூட்டர் ஒன்று, கதிரை ஒன்று, ஆள் இரண்டு. காலையில் கடை திறந்ததும் “நீங்க இருங்க மச்சான்” என்பான் அவன். “இல்ல மச்சான், நீங்க இருங்க” என்பேன் நான். எழுதும்போது அவன் இவன் என்கிறேனே தவிர, நேரில் எங்களுக்குள் எப்போதும் ‘நீங்க’தான். இந்த உபசாரம் முடியும்வரை கதிரை காலியாகக் கிடக்கும். வாடிக்கையாளர் யாராவது வந்து அதில் உட்கார்ந்துவிடுவதும் உண்டு.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். புரோகிராம் நின்றால் மேசையில் தட்டுவேன். அவன் தட்டவேமாட்டான், பிளேன்ரீ வாங்கப் போய்விடுவான். எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதிய பகுதியை மற்றவர் கேட்காமல் மாற்றுவதில்லை. வெள்ளிக்கிழமை அவன் ஜும்ஆவுக்குப் போயிருக்கும்போது, அவன் எழுதியதில் ஒரு கமா விடுபட்டிருப்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் அவன் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பேன். என் குணத்துக்கு அது பெரிய தவம்.

ராத்தாவின் மெசினுக்குப் புரோகிராம் எழுதியபோது த்ரெட் விசயத்தில் முதல்முறையாகக் கை வைத்தோம். ஒரே புரோகிராமுக்குள் பக்கம் பக்கமாக ஓடும் தனித்தனி வேலைகளை எங்கள் தொழிலில் த்ரெட் என்போம். சூட்டுக்கு ஒரு த்ரெட், புரட்டுவதற்கு ஒரு த்ரெட். உண்மையில் எங்கள் பெட்டியில் அவை ஒன்றாக ஓடவில்லை. இருந்தது ஒரே புரொசெசர். அது இதைக் கொஞ்சம், அதைக் கொஞ்சம் என்று மாறி மாறி ஓட்டும். மாற்றுகிற வேகத்தில் நமக்கு இரண்டும் ஒன்றாக நடப்பதுபோலத் தெரியும்.

சிக்கல் கரண்டில் இருந்தது. புரட்டுவதற்கு நாங்கள் மாட்டியது ஒரு பழைய கிரைண்டரில் கழற்றிய மோட்டர். அது கிளம்பும் நேரத்தில் ஹீட்டரும் எரிந்தால் வீட்டின் டிரிப் ஸ்விச் விழுந்துவிடும். ஆகவே ஒருவர் கரண்ட் எடுக்கும்போது மற்றவர் பொறுக்க வேண்டும். இதற்கு லொக் போடுவதுதான் வழமை. ஒரே ஒரு திறப்பு, அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமை. அவனுக்கு அது பிடிக்கவில்லை. திறப்பை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றுபோனால் மற்றவர் காலம் முழுக்க வெளியே நிற்பதா என்று கேட்டான். கரண்டைப் பங்கிடுவது அவனுடைய பகுதி, அதில் அவன் எழுதியது மரியாதை முறை. கரண்ட் வேண்டுமென்றால் கையைத் தூக்கு. மற்றவரும் தூக்கியிருந்தால் உன் கையை இறக்கிவிட்டுக் கொஞ்சம் பொறு. பிறகு மறுபடி தூக்கு. லொக் போடாமல் இது எங்கே ஓடப்போகிறது என்று நான் கத்தினேன். அது ஓடியது. வருடக்கணக்காக ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது.

இடையில் ஒப்பரேட்டிங் சிஸ்டத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். அப்போதுதான் த்ரெட் லைப்ரரி என்பதும் பதிப்புக்குப் பதிப்பு குணம் மாறும் சாமான் என்று தெரிந்தது. பழைய பதிப்பில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி இலக்கம் இருந்தது, ஆளுக்கொரு அடையாள அட்டை மாதிரி. புதியதில் இரண்டுக்கும் ஒரே இலக்கம். அந்த இலக்கத்தை வைத்துத்தான் யார் என்ன செய்கிறார் என்று திரையில் காட்டியிருந்தோம். பதிப்பு மாறியதும் சூட்டுக்காரன் முட்டை புரட்டுவதாகத் திரை சொன்னது. நாங்கள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தோம். ‘மற்றவருக்கு வழிவிடு’ என்று ஒரு கட்டளை உண்டு. முன்பு அதைச் சொன்னால் த்ரெட் வரிசையின் கடைசிக்குப் போகும். பிறகு வந்த பதிப்பில் பெயருக்கு ஒதுங்கிவிட்டு உடனே திரும்பி வந்து நிற்கும். எழுத்து ஒன்றுதான், நடத்தை வேறு. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே திருத்திய காலம் அது. இப்போது நினைத்தாலும் அந்த மாடிப்படியின் கீழே போய் ஒரு நாள் இருந்துவிட்டு வர ஆசையாக இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள்.

பிறகு அவன் கத்தாருக்குப் போனான். ஆரம்பத்தில் வாராவாரம் பேசினோம். அப்புறம் குறைந்தது. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை வந்திருந்தால் யாராவது கூப்பிட்டுச் சேர்த்துவைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, வீட்டாரோடு பேசும் நாள், நாம் குறுக்கே போகக்கூடாது என்று நான் எடுக்கமாட்டேன். நேரம் கிடைத்தால் அவனே எடுப்பான் என்று இருப்பேன். லீவில் ஊருக்கு வந்தான் என்று கேள்விப்பட்டேன். பயணக் களைப்பு, சொந்தக்காரர் கூட்டம், இரண்டு நாள் போகட்டும் என்று இருந்தேன். அவன் திரும்பிப் போய்விட்டதாக ஒருநாள் ராத்தா சொன்னார். அன்றைக்கு எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவன் மீது கொஞ்சம் மனத்தாங்கலும் வந்தது. அதோடு போனையும் மறந்தவன்போல இருந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் பெட்டி செத்தது. ஏறாவூருக்குப் போய்த் திறந்து பார்த்தேன். போர்டில் வீங்கி வெடித்த பாகங்கள், உள்ளே பல்லியின் குடித்தனம். இனி உயிர் வராது. ராத்தா சூட்டுமானியைப் பார்த்து ஹீட்டரைக் கையால் போட்டு அணைத்து, முட்டைகளையும் கையால் புரட்டிக்கொண்டிருந்தார். அலுமாரிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்திருந்தார். ரெண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் ராத்தா என்றேன்.

இப்போது உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கொம்பியூட்டர் போர்டுகள் வந்துவிட்டன. ஒன்றை வாங்கி, புதிய ஒப்பரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டு, எங்கள் பழைய புரோகிராமை அதற்குப் புரியும் வடிவத்தில் மறுபடி கட்டினேன். எழுதியதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாங்கள் எழுதினால் சும்மாவா என்று ராத்தாவிடம் அளந்துவிட்டுப் பிளேன்ரீ குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் சூடு இறங்கத் தொடங்கியது.

ஹீட்டரும் எரியவில்லை, மோட்டரும் சுற்றவில்லை. புரோகிராமோ நல்ல உசாராக ஓடுவதாகத் திரை சொன்னது. கொஞ்சநேரத்தில் தானாகச் சரியானது. மறுபடி புரட்டும் நேரம் வந்ததும் அப்படியே நின்றது. என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தேன், பகல் முழுக்கக் குறை இல்லை. போர்டில் போட்டால் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று அறிய, ஒவ்வொரு அடியிலும் திரையில் ஒரு வரி எழுதச் சொன்னேன். வரி எழுத வைத்ததும் நோய் போய்விட்டது. வரியை எடுத்தால் திரும்பி வந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல பிள்ளை, திரும்பினால் குழப்படி. மேசையில் தட்டினேன். “முட்ட இரிக்கிற எடம், தட்டாத” என்றார் ராத்தா.

அடுத்த நாளும் அதே கதை. ராத்தாவின் கண் சிவந்திருந்தது. முட்டைக்குள் குஞ்சு வளர்ந்துவிட்ட கட்டம். இனிக் கொஞ்சம் குளிர்ந்தாலும் தாங்காது என்றார். அலுமாரியின் கண்ணாடிக்குப் பின்னால் பிறையும் பூவும் புள்ளியும் போட்ட முட்டைகள் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

வரி எழுதினால் த்ரெட்டின் வேகம் குலைகிறது, அதனால்தான் நோய் ஒளிந்துகொள்கிறது என்று யோசித்தேன். ஆகவே எழுத்தை விட்டுவிட்டு இரண்டு சின்னப் பல்பை மாட்டினேன். சூட்டுக்காரன் கை தூக்கினால் சிவப்பு எரியும், புரட்டுகிறவன் தூக்கினால் பச்சை. புரட்டும் நேரம் வந்தது. சிவப்பும் பச்சையும் ஒன்றாக எரிந்தன. ஒன்றாக அணைந்தன. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவனுடைய கல்யாணச் சாப்பாடு ஞாபகம் வந்தது. ஏறாவூரில் கல்யாணம் என்றால் சஹன் சாப்பாடு. ஒரு பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் குவித்து வைப்பார்கள். அதைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து, ஒவ்வொருவரும் தன் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். வேலி ஒன்றும் கிடையாது, மரியாதைதான் வேலி. மாப்பிள்ளை என்னைத் தன் சஹனிலேயே பக்கத்தில் இருத்திக்கொண்டான். கடைசியில் நடுவில் ஒரு கோழித்துண்டு மிஞ்சியது. அவன் அதை என் பக்கம் தள்ளினான். நான் அவன் பக்கம் தள்ளினேன். இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டுவோம், ஒருவரை ஒருவர் பார்த்து ஒரே நேரத்தில் கையை இழுப்போம். சஹனே சிரித்தது. பொறுத்துப் பார்த்த அவனுடைய வாப்பா, “ரெண்டு பேருக்கும் வேணாமாக்கும்” என்று அந்தத் துண்டை எடுத்துத் தின்றுவிட்டார்.

போர்டில் நடந்தது அதுதான். பழைய பெட்டியில் ஒரே புரொசெசர். சூட்டுக்காரன் கை தூக்கிப் பார்த்து முடிக்கும்வரை புரட்டுகிறவன் தூங்கிக்கொண்டிருப்பான். இருவரும் ஒரே கணத்தில் கை தூக்க அங்கே வழியே இல்லை. இந்தச் சின்னப் போர்டில் நாலு புரொசெசர். ஆளுக்கொன்றில் இருந்துகொண்டு இருவரும் ஒன்றாகத் தூக்குகிறார்கள், நீங்க முதல் என்று ஒன்றாக இறக்குகிறார்கள், ஒரே அளவு பொறுத்து ஒன்றாக எழும்புகிறார்கள். என் மடிக்கணினியில் எழும்பும் நேரம் கொஞ்சம் முன்பின்னாக இருந்ததால் தப்பியிருக்கிறது. இங்கே மரியாதை முற்றி வேலை நின்றுவிட்டது, முட்டை குளிர்கிறது.

“கண்டுபுடிச்சிட்டன் ராத்தா” என்றேன். “அப்ப திருத்து” என்றார். நான் விசைப்பலகையில் கையை வைத்துவிட்டு எடுத்தேன்.

“அவன்ட பகுதி ராத்தா. கேக்காம மாத்துறல்ல.”

“அப்ப கேளு.”

இப்போது அங்கே வேலை நேரமாக இருக்கும், ஒரு மெசேஜ் போட்டுவிடுகிறேன், பார்த்ததும் அவனே எடுப்பான் என்றேன். ராத்தா அலுமாரியின் கதவை மூடிவிட்டு என் முன்னால் வந்து நின்றார். இடுப்பில் கை.

“அவன் எனக்குக் கோல் எடுக்கிற நேரமெல்லாம் ஒன்னத்தான் கேக்கான். நீயே எடுத்துக் கேளன் எண்டா, ‘அவருக்கு வேல இரிக்கும், அவரே எடுக்கட்டும்’ எங்கான். லீவுல வந்தும் இதே கததான். இந்தக் கதிரயில இருந்து நீ வருவாய் எண்டு ரோட்டப் பாத்திட்டு இருந்தான். நீ இஞ்ச வந்து அதயே சொல்றாய். எனக்கு முட்ட குளிருது தம்பி.”

அவன் அந்தக் கதிரையில் இருந்து ரோட்டைப் பார்த்திருக்கிறான். இங்கிருந்து பைக்கில் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் நான் என் வாசலில் இருந்து ரோட்டைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடத்தையும் இப்படியா வீணாக்கினோம் என்று இருந்தது. போனை எடுத்து அவன் இலக்கத்தை அழுத்தினேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று வந்தது. வைத்தேன். அவனிடமிருந்து தவறிய அழைப்பு ஒன்று விழுந்திருந்தது. அதே கணத்தில் அவனும் என்னை அழைத்திருக்கிறான். மெசின் நின்ற விசயத்தை ராத்தா காலையிலேயே வொய்ஸ் அனுப்பித் திட்டியிருந்தாராம்.

சரி, அவன் எடுக்கட்டும் என்று பொறுத்தேன். ஒன்றும் வரவில்லை. நான் எடுப்பேன் என்று அவனும் பொறுத்திருப்பான். திரும்ப எடுத்தேன். மறுபடி, வேறொரு அழைப்பில். எனக்கு முன்னால் சிவப்பும் பச்சையும் ஒன்றாக எரிந்து அணைந்துகொண்டிருந்தன. மூன்றாம் தரம் அழுத்தப்போனேன். ராத்தா என் கையிலிருந்து போனைப் பறித்து அலுமாரியின் மேல் வைத்தார்.

“இனி நீ தொடாத. அவன் எடுப்பான்.”

கொஞ்சநேரத்தில் அது அடித்தது. ராத்தா ஸ்பீக்கரில் போட்டார். நானும் அவனும் ஒன்றாகவே “சொல்லுங்க மச்சான்” என்றோம். இருவரும் ஒன்றாகவே நிறுத்தினோம்.

“மொதல்ல முட்ட,” என்றார் ராத்தா. “மறுகா கத.”

நான் நடந்ததைச் சொன்னேன். நாலு புரொசெசர், இரண்டு பல்பு, கோழித்துண்டு. அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது, மாடிப்படிக்குக் கீழே நான் கேட்ட அதே சிரிப்பு. அது அடங்கியதும் மெதுவாகச் சொன்னான்.

“ரெண்டு பேரும் ஒரே நேரத்தில வருவாங்க எண்டு நான் நெனச்சே பாக்கல்ல மச்சான். அப்ப நம்மகிட்ட ஒரு கதிரதானே இருந்திச்சு.”

புரட்டுவது சின்ன வேலை, இருவரும் கை தூக்கினால் அதற்கு முதலில் விட்டுவிடுவோம், சூடு ஒரு நிமிசம் பொறுக்கும் என்றான். நீங்களே மாற்றிவிடுங்கள் என்றான். நான் முடியாது என்றேன். அவன் ஒவ்வொரு வரியாகச் சொன்னான், நான் அடித்தேன். அவன் சொல்லச் சொல்ல நான் அடிப்பது பழைய பழக்கம். என் விரல்களுக்கு அது மறந்திருக்கவில்லை. மறுபடி கட்டி ஓடவிட்டோம். இரண்டு பல்பும் எரிந்தன. சிவப்பு மட்டும் அணைந்தது. மோட்டர் உறுமிக்கொண்டு தட்டுகளைச் சரித்தது. பச்சை அணைந்ததும் சிவப்பு எரிந்து, ஹீட்டர் பிடித்தது.

ராத்தா கொஞ்சம் பொறுத்துக் கதவைத் திறந்து, பூப் போட்ட முட்டை ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப வைத்தார். அந்தத் தட்டுகளில் பொரிக்காமல் போனவை வழமையைவிட அதிகம் இல்லை என்று பிறகு சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. அந்த ஒற்றைத் தலையாட்டலே போதுமாக இருந்தது. அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு தேத்தண்ணி வைக்க உள்ளே போனார்.

நாங்கள் பேசினோம். அவன் மகளின் பள்ளிக்கூடம், என் முழங்கால் வலி, போன் கவர் விற்கும் கடை. அவனுக்கு வேலைக்குத் திரும்பும் நேரமாகிவிட்டது.

“சரி மச்சான், நீங்க வைங்க” என்றான்.

“இல்ல மச்சான், நீங்க வைங்க” என்றேன்.

இருவரும் வைக்கவில்லை. இந்தத் தரம் எனக்கு ஒரு அவசரமும் இல்லை.